மணியாச்சியில் வண்டி மாறவும்

கே: மணியாச்சி சின்ன ஊர். அதற்கு எதற்கு ஒரு ஜங்ஷன்?

ப: ஊருக்காக வந்ததில்லை, துறைமுகத்துக்காக வந்தது. 1876-இல் மதுரை - தூத்துக்குடி பாதை திறந்தபோது, திருநெல்வேலிக்குப் போகும் தண்டவாளம் மணியாச்சியில் பிரிந்தது. பருத்தி ஏற்றும் தூத்துக்குடிக்கு மெயின் லைன். கலெக்டர் இருந்த திருநெல்வேலிக்குக் கிளை. ரயில் கம்பெனிக்கு யார் முக்கியம் என்று தெரிந்திருந்தது!

கே: கலெக்டர் ஆஷ் துரையை மணியாச்சியில்தானே சுட்டுக் கொன்றார்கள்? திருநெல்வேலியிலேயே சுட்டிருக்கலாமே?

ப: திருநெல்வேலியில் அவர் கலெக்டர். மணியாச்சியில் கனெக்‌ஷன் வண்டிக்குக் காத்திருக்கும் பயணி. 1911 ஜூன் 17 அன்று மனைவியுடன் கொடைக்கானலுக்குக் கிளம்பியவர், தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுட்ட வாஞ்சிநாதனுக்கு அந்தச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தன.

கே: வாஞ்சி தப்பிக்கப் பார்க்கவில்லையா?

ப: ஓடினார், பிளாட்பாரத்துக் கழிப்பறை வரைக்கும். அங்கே தன்னையே சுட்டுக்கொண்டார். செங்கோட்டைக்காரர், புனலூரில் வனத்துறை உத்தியோகம், வயது இருபதுகளின் நடுவில்.

கே: ஆஷ் மீது அப்படி என்ன கோபம்?

ப: 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடி - கொழும்பு வழியில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதியது. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனி நொடித்தது. அதை நசுக்கியவர்களில் முதல் ஆள் ஆஷ் என்பது சுதேசிகளின் கணக்கு.

கே: வாஞ்சி சுட்டது தேசத்துக்காகவா, சனாதனத்துக்காகவா?

ப: சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. ஐந்தே நாளில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மீதான ஆத்திரமும் இருக்கிறது. கடிதத்தைப் பாதியாக மடித்துப் படிப்பவர்கள் இரண்டு கட்சியிலும் உண்டு.

கே: ஸ்டேஷன் ‘வாஞ்சி மணியாச்சி’ ஆகிவிட்டது. ஆஷுக்கு ஒன்றுமே இல்லையா?

ப: ஏன் இல்லை? தூத்துக்குடியில் நினைவு மண்டபம், பாளையங்கோட்டையில் கல்லறை. சுட்டவர் பெயரைத்தான் தினமும் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள்.

கே: தூத்துக்குடியில் கப்பலேற இந்த வழியே வந்த கொழும்புப் பயணிகள் மணியாச்சியை எப்போது மறந்தார்கள்?

ப: 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று வழி மாறிவிட்டது. அந்தத் தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் தின்றது. மணியாச்சியில் மட்டும் இன்றும் வண்டி பிரிகிறது.

கே: ஒரு சின்ன ஸ்டேஷன் சரித்திரத்தில் இடம்பிடிக்க என்ன தகுதி வேண்டும்?

ப: பெரிய மனிதர்களையும் காக்க வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.