எஃகைத் தின்னும் பித்தளை

லேத்தைத் துடைத்து எண்ணெய் விடாமல் ஷிஃப்டைத் தொடங்கக் கூடாது என்பது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்த டர்னருக்கும் தெரியும். ஐ.டி.ஐ.யில் அவர்களில் பலர் கை பழகியது ஹெச்.எம்.டி. லேத்தில். 1953இல் பெங்களூரில் பிறந்த அதே நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து கைக்கடிகாரமும் செய்யத் தொடங்கியது. அப்பா கட்டிய ஹெச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு லேத்துக்கு எண்ணெய் விடுகிறவர், அந்த ஜனதாவுக்கு விடுவதில்லை. கேட்டால், “நல்லாத்தானே ஓடுது” என்பார். அந்த வாக்கியத்தை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

ஜனதாவின் பேலன்ஸ் வீல் நாளொன்றுக்கு 4,32,000 முறை அசைகிறது. ஆனாலும் தேய்மானம் அங்கே தொடங்குவது அரிது; அதன் அச்சைத் தாங்குவது செயற்கை மாணிக்கக் கல். மெயின் ஸ்பிரிங்கை அடக்கிய பேரலில்தான் கவனம் வேண்டும். அங்கே வேகம் மிகக் குறைவு, அழுத்தம் மிக அதிகம், கல்லும் கிடையாது. சாவி கொடுக்கும்போதெல்லாம் எஃகு அச்சு பித்தளைத் துளைக்குள் திரும்புகிறது. எண்ணெய் வற்றினால் துளை ஒரு பக்கமாக இழுபட்டு நீள்கிறது, பேரல் சாய்கிறது.

இது பாதிக் கதைதான். தூசியின் கடினமான துகள்கள் மெத்தென்ற பித்தளையில் பதிந்து நிலைத்துவிடுகின்றன. அதன்பின் பித்தளை எஃகை அறுக்கிறது. லேப்பிங் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. வார்ப்பிரும்புத் தட்டில் பேஸ்ட் தடவி, அதைவிடக் கடினமான எஃகைத்தானே தேய்த்து எடுக்கிறார்கள்?

இவ்வளவு நடந்தும் கடிகாரம் ஓடும். 270 பாகைக்கு மேல் வீசிய பேலன்ஸ் 200க்குக் கீழே தளர்ந்தாலும், ரெகுலேட்டரைச் சற்றே நகர்த்தினால் நேரம் சரியாகிவிடும். ஆக, சரியான நேரம் நலத்துக்குச் சாட்சியல்ல.

பிரிக்காமல் பெட்ரோலில் முக்கி எடுப்பதைச் சர்வீஸ் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. மிச்சமிருந்த எண்ணெய் போய்விடும், துளைக்குள் அப்பிய அழுக்கு அப்படியே இருக்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி, கூர் சீவிய மரக்குச்சியால் ஒவ்வொரு துளையையும் துடைத்து, கல்லின் குழிவு நிரம்பாத அளவுக்கே எண்ணெய் வைக்க வேண்டும். அதிகம் வைத்தால் வழிந்தோடும். ஹேர் ஸ்பிரிங்கில் பட்டால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக முந்தும்.

நீண்ட துளைக்குப் புஷ் போடுவதே முறை. சிலர் ஓரத்தைப் பஞ்ச் கருவியால் தட்டிச் சுருக்கிவிடுகிறார்கள். துளை உள்ள பித்தளைத் தட்டு நிரந்தரமாகக் காயப்படுகிறது. புதுத் தட்டு இனி வராது, ஹெச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடும் முடிவு 2016இலேயே எடுக்கப்பட்டுவிட்டது.