தீர்ப்பை ஸ்க்ரூடிரைவரிடம் விடுங்கள்

கேள்வி (பெஸ்தாரி ஜெயா வாசகர்): தோட்டத்தில் கிராணியார் வீட்டை இடித்தபோது அப்பா விலைக்கு வாங்கிவந்த செங்கால் மரப் பலகையில்தான் எங்கள் வீட்டு முன்தளம். இப்போது நரைத்துப் பாசி பிடித்துக் கிடக்கிறது. மனைவி பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்; நான் பிடுங்கிவிட்டு சிமெண்ட் போடலாம் என்கிறேன். யார் கட்சி சரி?

பதில்: இரண்டு கட்சிக்கும் டெபாசிட் கிடைக்காது! வெயிலில் எந்த மரமும் நரைக்கும். நரை மேல்தோலோடு சரி. பலகை ஓரத்தில், ஆணி இறங்கிய இடத்தில், தூணின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை வழுக்கினால் மரம் நலம். பொதபொதவென்று இறங்கினால் அந்தப் பலகையை மட்டும் மாற்றுங்கள். திரங்கானுவின் டுயோங் தீவில் படகு கட்டும் தச்சர்கள் நம்பிய மரம் செங்கால். புதிய செங்காலுக்கு விலை விசாரித்துப் பாருங்கள், அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடுவீர்கள்.

பெயிண்ட் ஏன் வேண்டாம்? நம் ஊர் மழையில் அது வெடிக்கும். வெடிப்பில் நீர் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கும். மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு விருந்து. முதலில் தளத்தின் அடியில் குவிந்த சருகையும் மண்ணையும் வாருங்கள். பலகை இடுக்குகளைச் சுரண்டிக் காற்றோட விடுங்கள். பாதி வைத்தியம் அதுதான்.

கேள்வி (ஈஜோக் வாசகி): வாட்டர் ஜெட் அடித்தால் ஒரே நாளில் வேலை முடியுமே?

பதில்: முடியும், பலகையின் ஆயுளும் சேர்ந்து! அதன் வேகம் மரநாரைப் பிய்த்துவிடும். சவர்க்கார நீரும் பிரஷும் போதும். இரும்பு ஆணியால் வந்த கறுப்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் நல்ல மருந்து. கையுறை போட்டுப் பூசி, நன்றாகக் கழுவுங்கள். அதோடு குளோராக்ஸ் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி (கோலசிலாங்கூர் வாசகர்): தூணில் கரையான் மண்கோடு. மருந்து அடித்துவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கடை மருந்தைப் பீய்ச்சினால் கரையான் விலகி வேறு வழியாக ஏறும். கோட்டைக் கலைக்காமல் பூச்சி ஒழிப்பாளரை அழையுங்கள். ரப்பர், செம்பனை நின்ற மண்ணில் பழைய வேர்க்கட்டைகள் கரையானுக்குச் சோறு போடும். வீட்டருகே கிடந்தால் அகற்றுங்கள். தூணை மண்ணில் புதைக்காமல் சிமெண்ட் கட்டைமேல் நிறுத்துவது நம் முன்னோர் செய்த நல்ல காரியம்.

கேள்வி (தஞ்சோங் காராங் வாசகி): பெயிண்டுக்குப் பதிலாகப் பலகைக்கு எண்ணெய் எப்போது பூசலாம்?

பதில்: அக்டோபர், நவம்பர் மழையில் தொடாதீர்கள். ஜூன், ஜூலை தோது. 80 நம்பர் மணல்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு நீர் விடுங்கள். மரம் குடித்தால் பூசலாம், உருண்டு நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும். மெல்லியதாகப் பூசி மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அம்மா! ஆளி விதை எண்ணெய் பட்ட துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.