பேராண்டியும் பஞ்சாங்கமும்

வாங்க பேராண்டி. பெட்டியைத் திண்ணையிலயே வைங்க, போன தடவை கொண்டாந்ததே பரண்ல கெடக்கு. என்ன இது, தொட்டிலுக்கு மேல தொங்குற பொம்மையா? பாட்டு வேற பாடுமா? பொறந்த புள்ளைக்கு ஒன்றரைச் சாணுக்கு அப்பால கண்ணு தெளிவாத் தெரியாதுன்னு நர்சம்மா சொல்றா. பரவால்ல, நான் பாத்துக்கிட்டிருக்கேன்.

ஜோசியர்கிட்ட தேதி வாங்கிட்டு வந்திருக்கீகளாமே? அன்னைக்கே ஆபரேசன் பண்ணி எடுத்தா புள்ள கலெக்டர் ஆகுமாம். ஆகட்டும். ஆனா பனிக்குடம் திங்கக்கெழம காலையில ஏழரைக்கு உடைஞ்சா, ராகுகாலம் ஒம்பதுக்கு முடியட்டும்னு புள்ள உள்ளயே குத்தவச்சு உக்காந்திருக்குமா? டாக்டரம்மா குறிச்ச தேதியிலயே பொறக்குறது நூத்துக்கு நாலஞ்சு புள்ளைதான். 37 வாரம் முடிஞ்சா எப்ப வேணா கதவத் தட்டும். 39 வாரம் முடியுமுன்ன நாள் பாத்து அவசரப்பட்டு எடுத்தா மூச்சுத் திணறி கண்ணாடிப் பெட்டியில கெடக்குற புள்ளைக உண்டு. அது ஜாதகத்துல எந்தக் கட்டம்னு ஜோசியரக் கேட்டுச் சொல்லுங்க. தாய்க்கோ புள்ளைக்கோ ஆபத்துன்னா கத்தி வைக்கட்டும், அந்தக் கைய நான் கும்புடுவேன். பஞ்சாங்கம் புடிச்ச கத்தியத்தான் வேண்டாங்குறேன்.

இங்க வாங்க, இந்தச் செம்பைப் பாருங்க. உள்ள புளியங்கொட்டை. உங்க பொண்டாட்டி மத்தியானம் சாப்புட்டுட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பா. புள்ள ஒரு ஒதை விட்டா ஒரு கொட்டை உள்ள விழும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து விழுந்தா எனக்கு வெத்தலை இனிக்கும். விழலன்னா, "தூங்குதுபோல"ன்னு நாமளும் தூங்கக் கூடாது, ஆசுபத்திரிக்குக் கெளம்பிரணும். நேத்து அரைமணியில பத்தும் விழுந்துருச்சு. ஒதைக்கிற வேகத்தப் பாத்தா உங்க வம்சந்தான், சந்தேகமில்ல.

வலின்னு சொன்னதும் நீங்க தலைதெறிக்க ஓட வேணாம். சூட்டு வலின்னு ஒண்ணு வரும், சீரகத் தண்ணி குடிச்சு, ரெண்டு நடை நடந்து, படுத்தா அடங்கிரும். மெய்யான வலி சீரகத்துக்கெல்லாம் மசியாது, நெருங்கி நெருங்கி வரும், வரவரப் பலக்கும். அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணுன்னு ஒரு மணி நேரமா வந்தா, நேரம் வந்துருச்சு. ரோடு தூரம்னா அதுக்கும் முன்னாடியே கெளம்பணும். பனிக்குடம் உடைஞ்சாலும் சரி, வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. தண்ணி பச்சையா வந்தாலோ, ரத்தம் போனாலோ, தலை வலிச்சுக் கண்ணு மங்குனாலோ, அப்ப மட்டும் ஓடுங்க, நான் சிரிக்க மாட்டேன். எந்தக் கிழவியாவது, நான்தான்னாலும் சரி, "விளக்கெண்ண குடிச்சா சட்டுன்னு வலி வரும்"னு சொன்னா, அந்த எண்ணெய விளக்குலயே ஊத்துங்க.

எதுல கூட்டிட்டுப் போவீக? அந்தப் புது மோட்டார் சைக்கிள்லயா? நல்லாருக்கும், ஸ்பீடு பிரேக்கர்லயே பேரு வச்சுரலாம். 108க்குப் போன் போடுங்க, காசு கேக்க மாட்டாக. 2008க்கு முன்னாடி இந்த ஊர்ல மாட்டுவண்டியில கட்டிலப் போட்டு ஏத்திட்டுப் போனோம், பாதிப் பிரசவம் கம்மாக்கரையிலதான். ராத்திரி 108 வண்டி வேற ஊருக்குப் போயிருந்தா என்ன பண்ணுறதுன்னு பக்கத்துத் தெரு கார்க்காரன்கிட்ட இப்பவே ஒரு வார்த்தை போட்டு வைங்க.

பையில என்ன வச்சிருக்கீக? செண்டு பாட்டில், கேமரா, கேக்கு மேல வைக்கிற மெழுகுவர்த்தி. அட்டை எங்க? ஸ்கேன் சீட்டு, ஆதார், கர்ப்பத்தப் பதிஞ்ச பிக்மி நம்பர்? அந்த நம்பர் இல்லாம பொறப்புச் சான்றிதழுக்கு அலைய விடுவாக. முத்துலட்சுமி ரெட்டி அம்மா பேருல பணமும் சத்துப் பெட்டியுமா 18,000 ரூவாக்கு வருதே, அதுக்கும் அதேதான். அப்புறம் துவைச்சு வெயில்ல காயவச்ச பழைய வேட்டி. புதுத் துணி உறுத்தும், பழசு பாவம், ஒண்ணும் பண்ணாது. நீங்க என்னைத்தான் பாக்குறீக, தெரியும்.

உங்கம்மா சேனை வைக்கத் தேன் பாட்டிலு குடுத்து விட்டாகளாம். அவுக குணம் புள்ளைக்கு வரணுமாம். குணம் தன்னால வரும், யாராலயும் தடுக்க முடியாது, அதுக்கு எதுக்குத் தேன்? பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பாலு. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலு மட்டும். சீனித்தண்ணியும் வேணாம், கழுதப்பாலும் வேணாம். கழுதைக்கும் குட்டி இருக்குல்ல?

பிரசவ ரூமுக்குள்ள கூட ஒரு பொம்பளைய விடுவாக, உங்க பொண்டாட்டியோட ஆத்தா போயிக்கிருவா. நீங்க வாசல்ல நின்னு யாருக்கும் போன் போடாம இருந்தாலே பெரிய ஒத்தாசை. அதுக்கு முன்ன ஒரு வேலை. அவ ரத்தம் நெகட்டிவுன்னு அட்டையில போட்டிருக்கு. புள்ளைக்குப் பாசிட்டிவா இருந்தா 72 மணி நேரத்துக்குள்ள அவளுக்கு ஒரு ஊசி போடணும். அதோட, அவசரம்னா குடுக்குறதுக்கு அதே ரத்தத்துல ஆளுக வேணும். உங்க ரத்தம் என்ன குரூப்பு? தெரியாதா? செல்போன்ல எத்தன கேமரான்னு மட்டும் தெரியுமாக்கும். காப்பியக் குடிச்சுட்டு ஒரு எட்டுப் போயி சோதிச்சுட்டு வாங்க.

என்ன மொகம் வெளுக்குது? ஊசின்னா மயக்கம் வருமா? அடியே, மெதுவா வெளிய வா, அந்தச் சீரகத் தண்ணியில ஒரு டம்ளர் எடுத்துக்க. ஒம் புருசனுக்கு வலி எடுத்துருச்சு.