வீடு காட்டு படலம்

சென்னையில் பழைய அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை விற்பது என்பது காட்டல், விற்றல் என்னும் இரு வினைகளின் தொகுதியாகும். இவற்றுள் பின்னது எப்போதாவது நிகழ்வதாகக் கேள்வி, முன்னதோ ஓய்வதேயில்லை. ஆதலின் இக்கட்டுரை காட்டலையே ஆராய எடுத்துக்கொள்கிறது. காட்டலை விற்றலாக மாற்றும் உபாயம் ஒன்று உண்டு என்பதும், அது உரிய இடத்தில் விளக்கப்படும் என்பதும் முதலிலேயே தெரிவிக்கப்படுகின்றன.

அமெரிக்காவில் ‘ஓப்பன் ஹவுஸ்’ என்றொரு வழக்கம் உண்டு. விற்பனைக்குரிய வீட்டை வார இறுதியில், பெரும்பாலும் ஞாயிறு பிற்பகலில், சில மணி நேரம் திறந்து வைத்து, விரும்பியவர் எவரும் வந்து பார்த்துச் செல்ல விடுவதே அது. உரிமையாளர் அந்நேரம் வெளியே போய்விட வேண்டும், சுவரிலுள்ள குடும்பப் படங்களைக் கழற்றிவிட வேண்டும், அடுப்பில் பிஸ்கட் சுட்டு வீடு முழுவதும் மணக்கச் செய்ய வேண்டும் என்பன அங்குள்ளோர் கூறும் விதிகள். இம்மூன்றும் இங்கே செல்லுபடியாவதில்லை. உரிமையாளர் வெளியே போயிருந்தால், வீட்டில் ஏதோ கோளாறு, அதனால்தான் முகம் காட்டவில்லை என்பார்கள். மாலையிட்ட தாத்தா படத்தைக் கழற்ற வீட்டுப் பெரியவர்கள் இசையார். கழற்றாமல் விட்டாலோ, தாத்தா இந்த வீட்டில்தான் போனாரா என்று வருபவர் விசாரிப்பார். மணத்தைப் பொறுத்தவரை, தரகர், அதாவது இரு தரப்பிலும் கமிஷன் பெறுவதால் இரு தரப்பையும் கண்டிக்கும் உரிமை பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை மீன் வறுக்கலாகாது என்று தடை விதித்திருக்கிறார். வருபவர் சைவமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர் வாதம். இதனால் மீனுக்கென்றே ஏற்பட்ட ஒரு நாள், ஆறு வாரங்களாக ரசத்திலும் அப்பளத்திலும் கழிகிறது.

காட்டலுக்குரிய நேரத்தைக் குறிப்பதும் எளிதன்று. ஞாயிறன்று பகல் 12 மணி முதல் 1.30 வரை எமகண்டம்; 3 முதல் 4.30 வரை குளிகை, 4.30 முதல் 6 வரை இராகுகாலம். காலையில் வரலாமே எனில், வாங்க வல்லவர் அனைவரும் அவ்வேளையில் இறைச்சிக் கடை வரிசையில் நிற்கின்றனர். அவர்களுக்கு எந்தத் தரகரும் தடை விதிக்கவில்லை. எஞ்சுவது 1.30 முதல் 3 வரையிலான உண்ட மயக்கப் பொழுது மட்டுமே. இதில் குளிகையைத் தனியே கவனிக்க வேண்டும். அந்நேரத்தில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நிகழும் என்பது நம்பிக்கை. அதனால்தான் நகை வாங்க அது நல்லதென்னும் விதியும், சாவுச் சடங்குக்கு ஆகாதென்னும் விலக்கும் ஏற்பட்டன. இது அறியாமல் முதன்முறை 3.15 மணிக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு குடும்பம் இதுவரை நான்கு முறை வந்துவிட்டது: முதலில் தம்பதியராக, அடுத்து மாமனாருடன், பிறகு வாஸ்து நிபுணருடன், சென்ற ஞாயிறு மைத்துனருடனும் அவர் பிள்ளையுடனும்.

வருவோரின் செயல்களுள் விரிவாக ஆராயத்தக்கது சுவரைத் தட்டல். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் கணுவால் சுவரில் இருமுறையோ மும்முறையோ தட்டி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டு, கேட்டது இன்னதென்று எவருக்கும் சொல்லாமல் அடுத்த சுவருக்கு நகர்வதே தட்டல் எனப்படும். தேங்காயைத் தட்டுவதற்குப் பொருள் உண்டு. முற்றலா இளசா என்பதை ஓசை சொல்லிவிடும். பலாவும் அப்படியே. மண்பானையைச் சுண்டினால் கணீரென்பது நலம், மந்தமாக ஒலித்தால் விரிசல். மானாமதுரையில் கடம் செய்வோர் சுருதியையே தட்டி அறிகின்றனர். ஆனால் சுவர் எவ்வாறு ஒலித்தால் நன்று என்பதில் தட்டுவோரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பழைய செங்கல் கட்டடங்களில் வெளிச்சுவர் பெரும்பாலும் 9 அங்குலம், அறைகளைப் பிரிக்கும் உட்சுவர் நாலரை அங்குலம். வெளிச்சுவரைத் தட்டிவிட்டுச் சத்தமே வரவில்லையே என்று வருந்துபவர், உட்சுவரைத் தட்டிவிட்டுச் சத்தம் வருகிறதே என்று அதே முகத்துடன் வருந்துகிறார். கான்கிரீட் தூணைத் தட்டினால் விரல் வலிக்கும். அவ்வலியும் வீட்டின் குறையாகவே எழுதப்படும். தட்டலால் பயனே இல்லை என்று கூறுவதும் முறையன்று: பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்தாலோ, தரை டைல்ஸுக்கு அடியில் கலவை நிரம்பாமல் விடப்பட்டிருந்தாலோ பொள்ளலான ஓசை எழும் என்பதைக் கொத்தனார்கள் அறிவர். ஆயினும் தரையைத் தட்டக் குனிய வேண்டும்; குனிந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

தட்டலின் வகைகளும் பல. மாமனாருடையது நாடி பார்க்கும் வைத்தியரின் தட்டல். ஒன்றே ஒன்று, அதன்பின் நீண்ட மௌனம். வாஸ்து நிபுணர் ஈசானிய மூலையை, அதாவது வடகிழக்கு மூலையை, மட்டும் தட்டினார். அது தட்டப்படுவதற்கு வாய்ப்பாக அங்கே இருந்த பீரோ மூவரால் நகர்த்தப்பட்டது, திரும்ப வைக்க ஒருவரே இருந்தார். மைத்துனருடையது உள்ளங்கையால் அறையும் தட்டல், எருமை வாங்கப் பழகிய கை போலும். அவருடைய பிள்ளை, அருந்தக் கொடுத்த எவர்சில்வர் டம்ளராலேயே தட்டியது. அச்சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுவானது. அழைப்பு என்று கருதி அடுத்த வீட்டு அம்மையார் வந்து சேர்ந்தார், வந்தவர் உட்கார்ந்தார், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் மாடிப்படியின் எத்தனையாவது படிவரை ஏறியது என்பதை, எவரும் கேளாமலே, எழுந்து போய்ப் படியிலேயே தொட்டுக் காட்டினார். விற்பனைக்குரிய வீடு இரண்டாம் மாடியில் இருப்பதை அவரும் குறிப்பிடவில்லை, மைத்துனருக்கும் தோன்றவில்லை. கட்டுரையாசிரியர் தாமே வேறு வீடு தேடிச் செல்லுமிடங்களில் தட்டுவது வழக்கம் என்று அவருடைய மனைவி கூறுவது ஆராய்ச்சிக்குத் தொடர்பற்றது. அங்கெல்லாம் சுவர்கள் உண்மையாகவே ஐயத்துக்குரியவை.

கேட்க வேண்டியதை எவரும் கேட்பதில்லை. யூ.டி.எஸ்., அதாவது அடுக்ககம் நிற்கும் மனையில் அவ்வீட்டுக்கெனப் பதிவான பிரிபடாத நிலப்பங்கு, எவ்வளவு என்பதில்தான் பழைய வீட்டின் விலை பெரிதும் அடங்கியிருக்கிறது. தாய்ப்பத்திரமும், சொத்தின் மேல் கடனோ விற்பனையோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றிதழும் ஆறு வாரங்களாக உறையிலேயே கிடக்கின்றன. நான்கு வருகையிலும் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, ஏ.சி.யை விட்டுவிட்டுப் போவீர்களா என்பதே. பதிவுச் செலவு பற்றி மட்டும் மாமனார் நன்கறிவார்: 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு, அதே நாளில் வழிகாட்டி மதிப்பு, அதாவது அரசு குறிக்கும் குறைந்தபட்ச நில மதிப்பு, உயர்த்தப்பட்டதை எடுத்துக்காட்டி, அந்த உயர்வை வீட்டு விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். விடைபெறும்போது கூறப்படும் ‘பார்த்துட்டுச் சொல்றோம்’ என்னும் தொடரில் பார்த்தலும் இல்லை, சொல்லலும் இல்லை என்பதைப் படிப்பவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆடியாக இருந்தால் ஆவணியில் என்பர், மார்கழியாக இருந்தால் தையில் என்பர். ஏனைய மாதங்களில் பிள்ளைக்குப் பரீட்சை.

உபாயத்தை விளக்கும் இடம் நெருங்கிவிட்டது. ஆயினும் மணி 1.20 ஆகிறது, நகர்த்தப்பட்ட பீரோ இன்னும் கூடத்து நடுவில் நிற்கிறது, குளியலறையில் சொட்டும் குழாயின் கீழுள்ள வாளியை மறைத்தாக வேண்டும், அடுத்த வீட்டு அம்மையாரைக் கோயிலுக்கு அனுப்பும் முயற்சியும் பலிக்கவில்லை. அக்குடும்பம் ஐந்தாம் முறையாக, இம்முறை சித்தப்பாவுடன், கீழே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறது. சித்தப்பா கட்டடப் பொறியாளர் என்றும், சொந்தமாகச் சுத்தியல் வைத்திருக்கிறார் என்றும் தரகர் மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறார்.