வின்னர் மாமா

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து டென்னிஸ் கோர்ட்டுகளில் காலை ஆறரை மணிக்கு இவரைப் பார்க்கலாம். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். வங்கியிலோ உரக் கம்பெனியிலோ அணுசக்தித் துறையிலோ முப்பது வருஷம் கணக்குப் பிசகாமல் வேலை பார்த்தவர். லோக்கல் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் தாதரில் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம் என்பது அத்துப்படி. ஜூன் முதல் தேதி வானம் வெளுத்துக் கிடந்தாலும் கையில் குடை இருக்கும். இப்பேர்ப்பட்ட மனிதர், முழங்காலில் நீ-கேப்பை ஏற்றிக்கொண்டு பேஸ்லைனில் நின்றதும் சூதாடியாகி விடுகிறார். எதிராளியின் பந்து ஆழமாக வந்து விழும். மாமா ஒற்றைக் காலில், பின்பக்கம் சாய்ந்தபடி, பேக்ஹேண்டில் ஓரக்கோட்டை ஒட்டி நேராக, டவுன் த லைன் அடிப்பார். பந்து வலையின் வெள்ளைப் பட்டையில் மோதி அவர் பக்கமே விழும். "சே, ஒரு இஞ்ச்!" என்று ராக்கெட்டின் நரம்புகளை விரலால் நெருடிப் பார்ப்பார், குற்றவாளி அங்கேதான் ஒளிந்திருப்பதுபோல. "குட் ட்ரை, மாமா" என்பார் பார்ட்னர். டபுள்ஸ் மரபில் அது இரங்கல் செய்தி.

இவரைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் கணக்குப் போட்டுவிட்டார். சைமன் ராமோ என்ற அமெரிக்க ஏவுகணை விஞ்ஞானி, சாதாரண ஆட்டக்காரர்களுக்காக ஒரு டென்னிஸ் புத்தகம் எழுதினார். செட், கேம் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, எத்தனை பாயிண்ட் அடித்து வாங்கியவை, எத்தனை பாயிண்ட் தவறு செய்து தாரைவார்த்தவை என்று மட்டும் எண்ணினார். கைதேர்ந்தவர்கள் ஆட்டத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அடித்து வாங்கியவை. மற்றவர்கள் ஆட்டத்தில் அதே 80 சதவீதம் தாரைவார்த்தவை. ஆக, மாமாவை ஜெயிப்பதற்கு எதிராளி பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேண்டியதை மாமாவே செய்துவிடுகிறார். வேடிக்கை இதற்குப் பிறகுதான். 1975-ல் சார்லஸ் எல்லிஸ் என்பவர் இந்தக் கணக்கை எடுத்துப் பங்குச்சந்தைக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். சந்தையை முந்தப் பார்த்துத் தப்புச் செய்வதைவிட, தப்பைக் குறைத்துக்கொண்டு சும்மா இருப்பவன் பிழைப்பான் என்பது அதன் சாரம். இண்டெக்ஸ் ஃபண்டுக்கு வாதாடுகிறவர்கள் இன்றும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். மாமாவும் மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. கட்டுகிறார், டிப்ஸ் கேட்டு ஓடுகிற மச்சினனுக்கு உபதேசமும் செய்கிறார். டென்னிஸ் கோர்ட்டில் பிறந்த புத்தி தலால் தெரு வழியாக அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. திரும்பவும் கோர்ட்டுக்குப் போகத்தான் அதற்கு வழி தெரியவில்லை.

புத்தி வேண்டாம், அளவுநாடா போதும். வலையின் உயரம் நடுவில் 3 அடி, ஓரக் கம்பத்தில் மூன்றரை அடி. கோர்ட்டின் நீளம் 78 அடி. சிங்கிள்ஸ் கோர்ட்டில் மூலைக்கு மூலை அளந்தால் எண்பத்திரண்டரை. அதாவது குறுக்காக, கிராஸ் கோர்ட் அடிக்கிறவனுக்கு வலை அரை அடி வரை தாழ்ந்து கொடுக்கிறது, தரை நாலரை அடி நீண்டு கொடுக்கிறது. வீடு வாங்கும்போது கார்ப்பெட் ஏரியாவில் நாலு சதுர அடிக்காக பில்டரோடு மல்லுக்கு நின்ற மனிதர், இலவசமாகக் கிடைக்கும் இந்த நாலரை அடியை வேண்டாமென்கிறார். சர்வீஸும் அப்படித்தான். முதல் சர்வீஸ் இடிபோல் வலையில் இறங்கும். இரண்டாவது, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பதுபோல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், முக்கால் வேகத்தில் ஒரு சர்வீஸ் உண்டு என்று சொன்னால் அவமானப்பட்டுக்கொள்கிறார்.

"வெறுமனே கட்டை போட்டுக்கொண்டிருக்க நான் ஏன் காலையில் எழுந்து வர வேண்டும்? சந்தோஷத்துக்குத்தானே ஆடுகிறோம்" என்பது அவர் வைக்கிற வாதம். இதில் நியாயம் இல்லாமலில்லை. சந்தோஷம்தான் நோக்கமென்றால் ஸ்கோரைப் பற்றி யாருக்கு என்ன? ஆனால் பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று பக்கத்துக் கோர்ட் ஆட்டம் நிற்கிற அளவுக்கு வழக்காடுகிறவர் சந்தோஷத்துக்கு மட்டும் வருகிறவர் அல்ல. தவிர, இரண்டே அடியில் முடிகிற பாயிண்டில் யாருக்குச் சந்தோஷம்? ஆடுகிற நேரத்தில் பாதி பந்து பொறுக்குவதில் போகிறது. அடுத்து, பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் அடித்துத்தானே ஜெயிக்கிறார்கள் என்பார். எல்லாரும் இல்லை. நம் ஊர்க்காரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1961-ல் ராய் எமர்சனை நேர் செட்களில் முடித்தார். அவர் சர்வீஸைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. மகன் ரமேஷின் சர்வீஸ் அதைவிடச் சாது. அவர் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். பந்தை எங்கே வைப்பது என்பதுதான் அந்தக் குடும்பத்தின் ஆயுதம். அவர்களுக்கு அபாரமான கை இருந்தது என்று மாமா மடக்கலாம். உண்மைதான். அந்தக் கை இருந்தவர்களே அடக்கி வாசித்தார்கள் என்றால், கை இல்லாதவர் என்ன செய்யலாம்?

இத்தனைக்கும் மும்பைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. விக்கெட்டைச் சுலபத்தில் விட்டுக்கொடுக்காத பேட்டிங்குக்கு இந்த ஊர் 'கடூஸ்' என்று பேரே வைத்திருக்கிறது. கவாஸ்கரின் பொறுமையைப் பற்றி மாமா ஃபில்டர் காபி ஆறுகிற வரை பேசுவார். தாராவிச் சந்தில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிற பையனைக் கேட்டாலும் சொல்வான்: பந்து அடுத்த வீட்டுக்குள் விழுந்தால் சிக்ஸர் கிடையாது, அவுட். வசவு தனி. அவன் பந்தைத் தரையோடு, இடைவெளி பார்த்துத் தட்டக் கற்றுக்கொள்கிறான். கோர்ட்டிலோ பந்து வேலி தாண்டினால் எடுத்துவர ஒரு பையன் இருக்கிறான். தவறுக்கு விலை இல்லாத இடத்தில் நிதானம் எதற்கு? அதோடு, அடித்த நாற்பதில் உள்ளே விழுந்த ஒன்றுதான் மாமாவோடு வீட்டுக்குப் போகிறது. மீதி முப்பத்தொன்பதை அவர் கோர்ட்டிலேயே விட்டுவிடுகிறார். வங்கிப் பாஸ்புக்கில் இப்படி ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறவரல்ல அவர்.

இதெல்லாம் கோர்ட்டில் ஆட்டம் பழக்குகிற மார்க்கருக்கு நன்றாகத் தெரியும். அவர் உபதேசம் செய்வதில்லை. சம்பளம் மாமாக்களின் சந்தாவிலிருந்து வருகிறது. ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பயிற்சி மட்டும் வைப்பார்: பத்துப் பந்து, எல்லாம் கிராஸ் கோர்ட், அவசரமே வேண்டாம். மாமா சம்மதிப்பார். ஒன்று, இரண்டு, மூன்று அழகாகப் போகும். நாலாவது டவுன் த லைனில் சீறிப் போய் வேலிக் கம்பியில் சிக்கிக்கொள்ளும்.

"சார், கிராஸ்."

"தெரியும்பா. லைன் காலியா இருந்துதே!"