கட்சி சேராமல் பஸ் ஏறாதீர்கள்

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகிற நாளில், கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு எப்படிப் போவது என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்று அவர் கேட்க மாட்டார். எந்தக் கட்சி என்றுதான் கேட்பார். "சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படி ஒரு பிரிவினருக்கு அந்த ஊரில் அன்றைக்குப் போக்குவரத்து வசதி கிடையாது. எந்த வாசலில் நுழைவது, எந்தக் கேலரியில் உட்காருவது, எந்த வண்டியின் கூரையில் தொற்றுவது எல்லாம் நிறத்தின்படி ஒதுக்கீடு ஆகியிருக்கும்.

ஆகவே ரூட் மேப்பைப் பிறகு பார்க்கலாம். முதல் வேலை கட்சி சேர்வது. ஆட்டத்துக்கு முந்தைய இரவுக்குள் முடித்துவிடுங்கள்.

மோகன் பகான் 1889இல் பிறந்தது. பச்சையும் அரக்குச் சிவப்பும். சின்னம் பாய்மரப் படகு. மேற்கு வங்கத்தின் பழங்குடும்பங்கள் பரம்பரையாக அதன் பின்னால் நிற்பவை. ஈஸ்ட் பெங்கால் 1920இல் வந்தது. சிவப்பும் தங்கமஞ்சளும், கையில் தீப்பந்தம். கிழக்கு வங்கத்திலிருந்து, அதிலும் பிரிவினைக்குப் பிறகு வீடுவாசலை விட்டு வந்தவர்களின் குடும்பங்கள் அதன் அடித்தளம். மூன்று தலைமுறை கழிந்து, கலப்புத் திருமணங்கள் எத்தனையோ நடந்தும், கணக்கு இன்னும் ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது. துண்டின் கரையைப் பார்த்தே ஆளின் கட்சியைச் சொல்லிப் பழகிய நமக்கு இந்தப் பாடம் புரியச் சிரமம் இருக்காது.

பாட்டன் பூட்டன் கணக்கில் தீர்மானிக்க முடியாத தமிழருக்கு மீன் உதவும். இறால் பிடிக்குமென்றால் மோகன் பகான். ஹில்சா பிடிக்குமென்றால் ஈஸ்ட் பெங்கால். ஜெயிக்கிற கட்சியின் மீனுக்கு மறுநாள் சந்தையில் கிராக்கி ஏறும் என்பது அந்த ஊர்ப் பொருளாதாரத்தின் பால பாடம். சைவ உணவுக்காரர்கள் பெட்டியில் எந்த நிறச் சட்டை இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம். உள்ளே ஒரு நிறம், மேலே ஒரு நிறம் என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போகும் புத்திசாலித்தனம் வேண்டாம். கொல்கத்தாவின் புழுக்கத்தில் பொத்தானைக் கழற்ற நேரும்; அப்போது வெளியே தெரிகிற நிறம் நீங்கள் நிற்கிற கூட்டத்தின் நிறமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தென்னாட்டுக்காரர் என்றால் ஈஸ்ட் பெங்கால் பக்கம் ஒரு சலுகை உண்டு. 1940களின் கடைசியிலும் 50களின் தொடக்கத்திலும் அந்த அணியின் முன்வரிசையைப் பஞ்ச பாண்டவர் என்றார்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் விந்தியத்துக்குத் தெற்கே இருந்து போனவர்கள். அகதிகளின் அணி என்று பெயரெடுத்த அணிக்குக் கோல் அடித்துக் கொடுத்தவர்கள் வங்காளமே தாய்மொழியாக இல்லாதவர்கள்! சிவப்பு மஞ்சள் மஃப்ளர் கட்டிய முதியவர் யாராவது பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் நின்று "வெங்கடேஷ், தன்ராஜ்…" என்று பெருமூச்சு விடுங்கள். உட்கார இடம் கிடைக்கலாம். அடுத்த முக்கால் மணி நேரம் அவர் பேசுவதைக் கேட்க வேண்டியிருக்கும். டிக்கெட் விலையில் அதுவும் அடக்கம்.

இனி வழி. சென்னை மெயிலில் போனால் ஹவுராவில் இறங்குவீர்கள். கோரமண்டலில் போகிறவர்கள் கவனிக்க: அது இப்போது ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. ஹவுரா ஸ்டேஷனுக்கு அடியிலேயே மெட்ரோ இருக்கிறது. அடியிலே என்றால் முப்பது மீட்டருக்கும் கீழே. எஸ்கலேட்டரில் இறங்க இறங்க, நாம் கால்பந்து பார்க்கப் போகிறோமா, சுரங்கத்தில் வேலைக்குச் சேரப் போகிறோமா என்ற சந்தேகம் வரும். கவலைப்படாதீர்கள். முன்னால் போகிறவர் கையில் கொடி இருந்தால் சரியான வழிதான்.

ஹவுரா மைதான் முதல் செக்டர் ஃபைவ் வரை 12 ஸ்டேஷன்கள், பதினாறரை கிலோமீட்டர். ஹவுராவை விட்டதும் வண்டி ஹூக்ளி நதிக்கு அடியில் போகிறது. 520 மீட்டர், முக்கால் நிமிடம். நதிக்குக் கீழே இருக்கிறீர்கள் என்று காட்டச் சுரங்கச் சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். பெட்டியில் உள்ள செல்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பும். நம் தலைக்கு மேலே நீந்துவது ஹில்சாவா இறாலா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்காமலிருப்பது உத்தமம்.

இந்தப் பாதை முழுதாகத் திறந்தது 2025 ஆகஸ்டில்தான். அதற்கு முன்பு துண்டு துண்டாக ஓடியது. 2019இல் பௌபஜாரில் சுரங்கம் தோண்டும்போது மண் சரிந்து மேலே இருந்த பழைய வீடுகள் இடிந்தன. எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் நடுவே இருந்த அந்தக் கொஞ்ச தூரத்தை இணைக்க ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. ஒரு விசித்திரம்: இந்தியாவின் முதல் மெட்ரோ கொல்கத்தாவில் ஓடத் தொடங்கியது 1984இல். சால்ட் லேக் ஸ்டேடியம் திறந்ததும் அதே 1984இல். ஒரே ஊரில் ஒரே வருஷம் பிறந்த இரண்டும் சந்தித்துக்கொள்ள 2020 பிப்ரவரி வரை காத்திருந்தன.

அந்த 36 வருஷம் ஜனங்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்பீர்கள். போனார்கள். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. அன்று உள்ளே இருந்தவர்கள் 1,31,781 பேர். ஸ்டேடியம் வாசலில் மெட்ரோ இல்லை, வழி காட்ட ஆப் இல்லை. பைச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று ஜெயித்தது. இப்போது நாற்காலிகள் போட்டு இடத்தைச் சுமார் 68,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். பாதிக் கூட்டத்துக்கு வாசலிலேயே ரயில். ஆனாலும் நெரிசல் குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. அதற்கும் முன்னே, 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை எதிர்த்து ஆடியபோது, வெளியூர்க் கூட்டத்துக்காகச் சிறப்பு ரயிலும் கூடுதல் ஸ்டீமர்களும் விட்டதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. மைதானத்தை எட்ட முடியாதவர்களுக்கு ஸ்கோரை எழுதிப் பட்டம் பறக்கவிட்டார்களாம். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய அணி 2–1 என்று வெள்ளைக்காரர் அணியை வென்றது. பொதுப் போக்குவரத்துத் துறை உருப்படியாக ஒத்துழைத்த ஆட்டம் அநேகமாக அதுதான்.

சியால்தாவுக்கு வருவோம். புறநகர் ரயில்கள் கொட்டுகிற கூட்டமெல்லாம் இங்கேதான் மெட்ரோவுக்குள் இறங்குகிறது. அதுவரை நீங்கள் நின்ற இடம் உங்களுடையது. இனி அது பொதுச்சொத்து. பெட்டிக்குள் பாட்டு தொடங்குவதும் இங்கேதான். இதே சியால்தா பிளாட்பாரங்களில்தான் பிரிவினைக்குப் பிறகு அகதிக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நாட்கணக்கில், மாதக்கணக்கில் கிடந்தன. சிவப்பு மஞ்சள் கொடியோடு உங்கள் காலை மிதிக்கிற பையனின் பாட்டி இந்த ஊரை முதன்முதலில் பார்த்தது இங்கிருந்தே இருக்கலாம். அவனைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்துவிட்டுத் திட்டலாம்.

பூல்பகான் தாண்டியதும் வண்டி சுரங்கத்தை விட்டு மேலேறி வெளிச்சத்துக்கு வரும். அடுத்தது சால்ட் லேக் ஸ்டேடியம். எப்படி இறங்குவது என்ற யோசனை உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் இறங்க மாட்டீர்கள், இறக்கப்படுவீர்கள். ஒரு ஸ்டேஷன் தாண்டி பெங்கால் கெமிக்கலில் இறங்கித் திரும்பி நடந்தால் நெரிசலைத் தவிர்க்கலாம் என்று யாராவது காதோடு காதாக ரகசியம் சொல்வார்கள். அந்த ரகசியம் தெரிந்த எல்லோரையும் நீங்கள் அங்கே சந்திக்கலாம்.

மெட்ரோ வேண்டாம் என்கிறவர்களுக்கு பைபாஸ் சாலை வழியே பஸ் இருக்கிறது. கண்டக்டர் பஸ்ஸின் உடம்பை உள்ளங்கையால் அறைந்து டிரைவரோடு பேசுவார். ஓர் அறைக்கு ஓர் அர்த்தம், இரண்டு அறைக்கு வேறு அர்த்தம். ஆட்ட நாளில் ரசிகர்களும் அதே தகரத்தில் தாளம் போடுவதால் டிரைவர் குழம்பிப் போய்த் தன் இஷ்டத்துக்கு நிறுத்துவார். ஆட்டோ என்றால் ஷேர் ஆட்டோ. குறித்த தடத்தில்தான் ஓடும். டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர், பின்னால் மூன்று பேர். அந்த முன் சீட்டில் உட்காருபவர் பாதி ஆட்டோவிலும் பாதி சாலையிலும் பயணம் செய்வார். சில்லறை சரியாக இல்லாவிட்டால் ஆட்டோக்காரரின் கோபத்துக்கு ஆளாவீர்கள். எனவே பை நிறைய நாணயம் வைத்திருங்கள். ஸ்டேடியம் வாசலில், போலீஸ்காரரின் மனநிலையைப் பொறுத்து, அந்த நாணயத்தையெல்லாம் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டி வரும். தண்ணீர் பாட்டிலும் குடையும் எப்படியும் போய்விடும். இப்படியாகத் திரும்பும்போது சில்லறை இல்லாமல் அதே ஆட்டோக்காரர்களிடம் போய் நிற்பீர்கள். இந்தச் சிக்கலுக்கு இன்னும் விடை கண்டுபிடிக்கப்படவில்லை.

டிராமைப் பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம்.

உண்மையான பொதுப் போக்குவரத்து எது என்றால் மாட்டடோர். சரக்கு ஏற்றுகிற சிறு வேன்தான். பேட்டையில் உள்ள ரசிகர்கள் காசு போட்டு வாடகைக்கு எடுத்து, கொடி கட்டி, மேளத்தோடு கிளம்புவார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு வரம்பில்லை. ஏறியவர் கீழே விழாதவரை இடம் இருப்பதாகவே அர்த்தம். டிக்கெட், நிறுத்தம், நேர அட்டவணை எதுவும் கிடையாது. கட்சிக்காரர் என்றால் முன்பின் தெரியாத உங்களையும் கைகொடுத்துத் தூக்கிக்கொள்வார்கள். இது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். பாதுகாப்பானதா என்றும் கேட்காதீர்கள், ஏனென்றால் அதற்கு எனக்குப் பதில் தெரியும்.

போவதெல்லாம் சுலபம். திரும்புவதுதான் வித்தை. வழக்கமான ஏழரை மணி ஆட்டம் என்றால் முடிய ஒன்பதரை ஆகும். அந்த நேரத்துக்குக் கடைசி மெட்ரோவைப் பற்றிய வதந்திகள் கோல்களைவிட வேகமாகப் பரவும். சில சமயம் சிறப்பு வண்டி விடுவார்கள். அறிவிப்பை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அதைவிட முக்கியம் ஸ்கோர். உங்கள் கட்சி ஜெயித்திருந்தால் எந்த வண்டியிலும் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம். நீங்கள் போகவேண்டிய திசையில் அது போகாது, ஆனால் அன்றைக்கு அது ஒரு குறையாகத் தெரியாது. தோற்றிருந்தால் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டு, கொடியைப் பையில் திணித்து, செல்போனைப் பார்த்தபடி மூலையில் நில்லுங்கள். வீட்டிலிருந்து வருகிற போனை எடுக்காதீர்கள். மாமனார் எதிர்க்கட்சியாக இருந்தால் போனையே அணைத்துவிடுங்கள்.

இந்த விஷயத்தில் கொல்கத்தாவின் சாதனை 1975 செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகான் 5–0 என்று ஈஸ்ட் பெங்காலிடம் தோற்றது. சொந்த ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து மோகன் பகான் வீரர்கள் சிலர் அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் கங்கையில் படகில் கழித்ததாகச் சொல்வார்கள். அணியின் சின்னமே படகு என்பதால் அதைக் கட்சி விசுவாசமாகவும் எடுத்துக்கொள்ளலாம். படகுச் சேவை இப்போதும் உண்டு. ஹவுராவிலிருந்து அக்கரைக்கு அடிக்கடி ஓடுகிறது, கட்டணம் மலிவு.

இந்தக் கையேட்டின் முதல் விதி செல்லாமல் போன நாள் ஒன்று இருக்கிறது: 2024 ஆகஸ்ட் 18. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலை செய்யப்பட்டதால் ஊரே தெருவில் இருந்தது. பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று டூராண்ட் கோப்பை டெர்பியை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் ரசிகர்கள் ஸ்டேடியத்துக்குப் போனார்கள். பச்சை அரக்கும் சிவப்பு மஞ்சளும், கூடவே முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு வெள்ளையும் ஒரே சாலையில் ஒரே கோஷத்தோடு நின்றன. மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸும் வந்து கலந்துகொண்டார். ஆட்டத்துக்குக் கொடுக்க ஆளில்லை என்ற போலீஸ், அன்று தடியோடு வந்து சேர்ந்தது.

கடைசியாக ஒன்று. ஆட்டம் சமனில் முடிந்தால் மெட்ரோ பக்கமே போகாதீர்கள். இரண்டு கட்சியும் தாங்கள்தான் ஜெயித்திருக்க வேண்டும் என்ற முடிவோடு ஒரே பெட்டியில் ஏறும். மறுக்கப்பட்ட பெனால்டிகள் எல்லாம் அங்கே மறுவிசாரணைக்கு வரும். முகத்தில் வெளியூர்க்களை தெரிகிற உங்களை நடுவராக நியமிப்பார்கள். பேசாமல் உல்டாடாங்கா பக்கம் நடையைக் கட்டுங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், பிதான்நகர் ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ரயில் கிடைக்கும். வழியில் எக் ரோல் கடை தென்பட்டால் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் ஸ்கோர் கேட்டால் மட்டும் ஆட்டத்துக்குப் போகவில்லை என்று சொல்லுங்கள்.