149 வாங்கினால் டாக்டர் இல்லை

நீட் ரிசல்ட் வந்துவிட்டால் கோவை அவிநாசி ரோட்டு ஓட்டல்களில் ஹால் கிடைப்பது கஷ்டம். முகூர்த்தம் ஒன்றுமில்லை. ‘வெளிநாட்டில் எம்பிபிஎஸ், இலவசக் கருத்தரங்கு.’ வாசலில் ரோஸ்மில்க், உள்ளே ஏசி, மேடையில் கோட் போட்ட ஆள். “நீட் குவாலிஃபை ஆனாப் போதுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.”

பின்வரிசையில் சோமனூர் தறிக்காரர் ஒருவர் எழுந்தார். “ஏனுங்க தம்பி, அங்க முடிச்சுட்டு வந்தா இங்க ஒரு பரீட்சை இருக்குதாமே?”

“அதுக்கும் நம்மகிட்டயே கோச்சிங் இருக்குதுங்ணா. ஹாஸ்டல்ல நம்மூர் மெஸ்ஸுங்க. அரிசிம்பருப்பு சோறுகூடப் போடறாங்க.”

அரிசிம்பருப்பு என்றதும் அம்மாக்களின் முகம் தெளிந்தது. கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கில் வயிற்று வலியோடு வரும் கிழவியிடம் பையன் எந்த மொழியில் பேசுவான் என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஏஜெண்டைத் திட்டுவது சுலபம். ஆனால் இந்தக் கூட்டத்தில் விலையை வெளிப்படையாகச் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். நம்மூர்த் தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் வருடத்துக்கு 13 லட்சத்துக்குக் குறையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 25 லட்சம் கேட்கும் இடங்கள் உண்டு. படித்து முடிப்பதற்குள் கோடியைத் தாண்டிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளை ஈயும் வேர் வாடலும் தின்றது போக மிஞ்சிய தென்னந்தோப்பை விற்றாலும் கட்டாது. கிர்கிஸ்தானில் மொத்தப் படிப்புமே ஏறக்குறைய நிகர்நிலையின் ஒரு வருடக் காசுக்குள் முடிந்துவிடும். போகாமல் என்ன செய்வார்கள்?

2022 பிப்ரவரி 24-ல் உக்ரைனில் குண்டு விழுந்தது. இரண்டு நாள் கழித்துப் பிரதமர், பிள்ளைகள் சின்னச் சின்ன நாடுகளுக்கு மருத்துவம் படிக்கப் போகிறார்களே என்று வருத்தப்பட்டு, தனியார் துறை இதில் பெரிய அளவில் இறங்க வேண்டும் என்றார். பிள்ளைகள் ஓடியதே அந்தத் தனியாருக்குப் பயந்துதான். மார்ச் 1-ல் கார்கிவில் கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் செத்தார். வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களில் 90 சதவீதம் பேர் இங்கே தகுதித் தேர்வில் தேறுவதில்லை என்று ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி சொன்ன செய்தியும் அதே நாளில்தான் வந்தது. பதுங்கு குழிக்குள் பிள்ளைகள் கிடக்கும்போது மார்க் ஷீட்டைத் தூக்கிக் காட்ட ஒரு மனசு வேண்டும்.

தகுதித் தேர்வில் தேர்ச்சி விகிதம் மோசம்தான், மறுக்கவில்லை. 2002-லிருந்து நடக்கும் தேர்வு அது. 300-க்கு 150 வேண்டும். 149 வாங்கினால் டாக்டர் இல்லை. 2023 ஜூனில் பத்துக்கு ஒருவர்தான் தேறினார். 2021 நவம்பரில் விதி இன்னும் இறுகியது. படிப்பு 54 மாதம், அங்கே ஒரு வருடப் பயிற்சி, இங்கே திரும்பவும் ஒரு வருடம். முதலில் பி.எஸ்., பிறகு எம்.டி. என்று இரண்டாகப் பிரித்துப் படிக்கும் பிலிப்பைன்ஸ் கணக்கு இதில் அடிபட்டுப் போனது. ஏஜெண்ட் பேனரில் கொடியை மட்டும் மாற்றினார்.

எல்லாம் தரத்துக்காக என்கிறார்கள். சரி. அதே 2023 செப்டம்பரில் மேற்படிப்புக்கான நீட் தேர்வின் கட்-ஆஃபைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலாக்கினார்களே, அது எதற்காக? பரீட்சை எழுதியவர்களில் கடைசி ஆளும் கவுன்சலிங்குக்கு வரலாம். தனியாரிடம் இடம் காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான். ‘அவர்கள் ஏற்கெனவே டாக்டர்கள்தானே’ என்பீர்கள். அப்புறம் அந்தத் தேர்வு எதற்கு?

இங்கே படித்தாலும் வெளிநாட்டில் படித்தாலும் எல்லாருக்கும் ஒரே தேர்வு, பெயர் நெக்ஸ்ட், என்று 2019-ல் சட்டமே போட்டார்கள். மூன்று வருடத்துக்குள் வர வேண்டியது. 2023-ல் கிட்ட வந்ததும் ஒத்திவைத்தார்கள். வெளிநாட்டில் படித்தவன் மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை தன் தரத்தை நிரூபித்துக்கொண்டிருக்கிறான்.

வையுங்கள் அந்த நெக்ஸ்ட் தேர்வை. ஒரே நாள், ஒரே தாள், 300-க்கு 150. கோடி கட்டியவரும் பிஷ்கெக்காரனும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரட்டும். தனியார் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை, கல்லூரிவாரியாக, மேடையேறி மைக்கில் அந்த அமைச்சரே வாசிக்கட்டும்.